மலை உச்சியில் கிடந்த செருப்பு

தம்பி, போன வாரம் நீ போனில் பேசியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் சித்தப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் "சரிப்பா, வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதை நீ என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, உன் கல்யாணத்துக்குச் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் வேட்டி சேலை எடுக்கச் சொல்லிவிட்டாய் என்று நேற்றுத்தான் தெரிந்தது. சம்மதமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கடைசிவரை படிக்கவில்லை என்று நீ சொல்லக் கூடாது. இதை ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். உன் அக்காவிடம் கொடு, சித்தப்பாவிடம் கொடு, பெண் வீட்டில் கேட்டால் அவர்களிடமும் கொடு. எட்டாம் வகுப்பு வரை படித்தவளுக்கு எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும், சொல்வது நேராகத்தான் இருக்கும்.

நீ என்னிடம் கேட்டது இரண்டு. "அம்மா, நேபாளத்துல நீ செஞ்ச கூத்து பொண்ணு வீட்டு ஆளுக காதுக்குப் போச்சுன்னா எனக்குத்தான் தலைகுனிவு. அந்தப் போட்டாவக் கிழிச்சுப் போட்டுரு" என்றாய். அடுத்து, "கல்யாணத்தன்னைக்கு சித்தப்பாவும் சித்தியும் முன்ன நிக்கட்டும், தாலித் தட்டு சுத்தி வரும்போது நீ உள்ள இருந்துக்க" என்றாய். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய். உன்னைப் பெற்றவள் என்பதால் எனக்குத் தெரியும், அது உன் வாயில் வந்த பேச்சுதான், உன் மனதில் வந்த பேச்சில்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டதே. ஆகவே அந்த மலையில் என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன். ஊரில் ஆளுக்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். கயிறு கட்டித் தொங்கினேன் என்கிறார் ஒருவர், வெள்ளைக்காரனோடு குதித்தேன் என்கிறார் இன்னொருவர். குதிக்கவில்லை, தொங்கவில்லை. பறந்தேன்.

நான் எதற்கு நேபாளம் போனேன் என்பதே உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. உனக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. வந்த ஜாதகமெல்லாம் திரும்பிப் போனது. அப்போதுதான் திருப்புல்லாணியில் வாழ்க்கைப்பட்டிருக்கிற உன் அத்தை, "மதினி, முக்திநாத்துக்கு நேந்துக்கங்க, எங்க ஊர்ல வருசா வருசம் ஒரு கூட்டம் போகுது" என்றாள். உனக்குக் கல்யாணம் கூடினால் அந்த நேபாளத்துப் பெருமாள் கோயிலில் நூற்றெட்டுத் தண்ணீர்த் தாரையிலும் குளித்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். கூடிவிட்டது, போனேன். மிளகாய் விற்ற காசு என்னுடையது, அதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. திருப்புல்லாணிக் கோயில் வாசலில் கூட்டமாகக் கிளம்பும்போது, யாத்திரை நடத்துகிற சடகோபன் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, தேங்கா ஒடச்சுக்கிறோம்" என்றார். நல்ல மனிதர்தான், குரலில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நானும் நகர்ந்தேன். உன் அய்யா மஞ்சள்காமாலையில் போனதிலிருந்து நகர்ந்து நகர்ந்து, யாராவது வெளியூர் கிளம்பினால் அவர்கள் சொல்வதற்கு முன்பே என் கால் பின்னால் போய்விடும்.

ராமநாதபுரத்தில் ரயிலேறி, காசி போய், அங்கிருந்து பஸ்ஸில் நேபாளத்துக்குள் போய், பொக்காரா என்கிற ஊரில் இறங்கினோம். அங்கிருந்து மலைக்குச் சின்ன விமானத்தில் போக வேண்டும். மேகம் வழி விடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அங்கேயே கிடந்தோம். தங்கியிருந்த இடத்துக்கு எதிரே பெரிய ஏரி. நம் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் போகும்போது எப்படி இருக்கும், அதைப்போல நாலைந்து சேர்ந்தால் அந்த ஏரி. அந்த ஏரிக்கு மேலே வானத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஆட்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே வளைந்த துணி, அதற்குக் கீழே கயிறு, கயிற்றுக்குக் கீழே இரண்டு பேர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது எனக்கு. உன் அத்தை முழங்கால் வலியில் படுத்திருந்தாள். "மதினி, வெறிச்சு வெறிச்சு என்னத்தப் பாக்குறீக? வாய்க்குள்ள ஈ போகப்போகுது" என்றாள். நம் மிளகாய்க் காட்டில் நின்று பருந்து வட்டமிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதுகளுக்கு மட்டும் யார் சீட்டு கொடுத்தது என்று தோன்றும். இங்கே மனிதர்கள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியலில் சூரிய உதயம் பார்க்க ஜீப்பில் ஒரு மலைக்குக் கூட்டிப்போனார்கள். அத்தை வரவில்லை. பனிமலை பொன் நிறமாக மாறியது, எல்லாரும் கோவிந்தா சொன்னார்கள், நானும் சொன்னேன். பிறகு அவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பாசுரம் பாட ஆரம்பித்தார்கள். எனக்கு டீ வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் கீழே புல் சரிவு ஒன்று தெரிந்தது, அங்கே அந்தத் துணிகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல இறங்கிப் போனேன். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன், சத்தியமாக.

சரிவின் தலைப்பில் ஒரு கல் நட்டிருந்தது. அதன்மேல் குங்குமமும் பூவும். நம் எல்லைக் கருப்பர் மாதிரி என்று வைத்துக்கொள். கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். சாமி நிற்கிற இடத்தில் செருப்போடு நிற்பேனா? அங்கிருந்த ஆட்கள் எல்லாரும் பெரிய பெரிய பூட்ஸ் போட்டிருந்தார்கள், எனக்குத்தான் கூசியது. உன் வயதுதான் இருக்கும், ஒரு பையன், தோளில் பட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு சும்மா நின்றான். அவனோடு பறக்க வேண்டிய ஆள் எவரோ வரவில்லை போலிருக்கிறது. நான் துணியைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, என்னைக் காட்டி, வானத்தைக் காட்டி, தலையை ஆட்டினான். "வர்றியா" என்பதற்கு எந்த ஊரிலும் அதே தலையாட்டல்தானே. என்னை "ஆமா" என்று கூப்பிட்டான், அவர்கள் ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

நான் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை தம்பி. உன்னை நினைத்தேன், உன் கல்யாணத்தை நினைத்தேன், ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்று நினைத்தேன். திரும்பி மேலே பார்த்தால் டீக்கடையில் பாட்டு நடக்கிறது. அங்கே போனால் ஓரமாக ஒரு பெஞ்சு எனக்கு இருக்கிறது. அதை நினைத்ததும் சேலையை வரிந்து கட்டிவிட்டேன். நாற்று நடும்போது கச்சம் வைப்போமே, அதேபோல் கால் நடுவே வாங்கி இறுக்கிச் செருகினேன். அவன் பட்டையை மாட்ட வசதியாகப் போயிற்று. என் வெறுங்காலைக் காட்டி ஏதோ கேட்டான். மிளகாய்க் காட்டுக் கரிசல் வெடிப்பில் வெறுங்காலோடு ஓடியவள் நான், அவனுக்கு அதை எப்படிச் சொல்வது? காலால் தரையை ஓங்கி ஒரு உதை உதைத்துக் காட்டினேன். சிரித்துவிட்டான்.

அடுத்து நடந்ததுதான் உன் சித்தப்பாவுக்கு ஆறாத விஷயம். அன்றைக்கு அந்த மலையிலிருந்து கிளம்புகிற முதல் ஆட்கள் நாங்கள்தான். முதலில் போகிறவர்கள் அந்தக் கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டுமாம். அவன் குனிந்து கும்பிட்டு, கல்லிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தான். அப்படியே திரும்பி, நான் என்ன ஏது என்று யோசிப்பதற்குள், என் நெற்றியிலும் கட்டைவிரலால் அழுத்தி வைத்துவிட்டான். உன் அய்யா போன பிறகு திருநீறு தவிர வேறெதுவும் தொடாத நெற்றி. என் கை தானாக மேலே போனது, அழிக்க. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பையனுக்கு நான் யார், எனக்குப் புருஷன் இருக்கிறானா செத்தானா என்று ஒன்றும் தெரியாது. என்னை அவன் முன்னால் நிறுத்தினான். அன்றைய முதல் பயணம் என்னை வைத்துத்தான் தொடங்குகிறான். நம் ஊரில் எனக்கு எதிரே தேங்காய்கூட உடைக்க மாட்டார்கள் தம்பி. எனக்கு அழுகை வந்தது. அழித்துக்கொள்ளவில்லை. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை, மறைக்கப்போவதுமில்லை.

பறப்பது எப்படி என்று உன் சித்தப்பாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். யாரும் உன்னைத் தள்ளிவிட மாட்டார்கள். பின்னால் இருக்கிறவன் தூக்கிக்கொண்டு போகவும் மாட்டான். நீதான் ஓட வேண்டும். சரிவில், பள்ளத்தைப் பார்த்து, இரண்டு பேரும் ஓட வேண்டும். "ரன், ரன், நோ சிட்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பாதியில் பயந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேரும் புல்லில் உருள வேண்டியதுதானாம். ஓடினேன். பின்னால் துணி இழுக்கிறது, மாடு முண்டும்போது கயிறு இழுக்குமே அந்த மாதிரி. விடாமல் ஓடினேன். ஒரு கட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறேன், காலுக்குக் கீழே தரை இல்லை. "ஆத்தாடி" என்று கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அப்புறம் சத்தமே இல்லை. காற்று மட்டும். கீழே படிப்படியாக வயல்கள், தகரக் கூரைகள், முற்றத்தில் தானியம் காயப்போடுகிற ஒரு பெண். எனக்குப் பக்கத்திலேயே ஒரு பருந்து. கீழே நின்று பார்த்தபோது அதன் வயிறுதான் தெரியும், இப்போது அதன் முதுகைப் பார்த்தேன். முதுகில் வெயில் பட்டு மினுங்கியது. அவன் ஒரு கம்பி நுனியில் கேமராவைக் கட்டிப் படம் எடுத்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் அவன் பிரிண்ட் போட்டுக் கொடுத்த அதுதான் நீ கிழிக்கச் சொல்கிற போட்டோ.

இனி செருப்புக்கு வருகிறேன். பாட்டு முடிந்து என்னைத் தேடியிருக்கிறார்கள். சரிவுக்கு வந்து பார்த்தால் எல்லாரும் பறந்து போயாயிற்று, ஒருவருமில்லை. பள்ளத்தைப் பார்த்த சரிவின் தலைப்பில், குங்குமக் கல்லுக்குப் பக்கத்தில், என் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடக்கிறது. நம் ஆட்களுக்குக் கிணற்றடியிலோ கண்மாய்க் கரையிலோ செருப்பு ஜோடியாகக் கிடந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். டீக்கடைக்காரியிடம் கைச்சாடையில் கேட்டிருக்கிறார்கள். அவள் பள்ளத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "போச்சு" என்று காட்டியிருக்கிறாள். சடகோபன் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து பெங்களூருக்கு, உனக்கு, போன் போட்டார். நான் அப்போது ஏரிக்கரைச் சேற்றில் இறங்கி, ஓர் எருமை என்னை உற்றுப் பார்க்க, அந்தப் பையன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். தங்கும் இடத்துக்கு வெறுங்காலோடு நடந்து வந்தால் வாசலில் ஒப்பாரி. உன் அத்தை என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டினாள். "நெத்தியில குங்குமத்தோட ஆவியா வந்துட்டீகளா மதினி" என்றாள். சடகோபன் மஞ்சள் பைக்குள் சுற்றி வைத்திருந்த செருப்பை எடுத்து என் காலடியில் போட்டு, "இனிமே நீங்க எங்கன போனாலும் சொல்லிட்டுப் போங்கம்மா" என்று கும்பிட்டார்.

நான் போன் செய்து "அம்மாதான் பேசுறேன்" என்று சொல்கிற வரைக்கும் நீ அம்மா இல்லாத பிள்ளையாக இருந்தாய். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாய் என்று உன் அக்கா சொன்னாள். அதற்கு என்னை மன்னித்துக்கொள் தம்பி. டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் போக விட்டிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். உன் அழுகைக்கு மட்டும்தான் மன்னிப்பு. பறந்ததற்கு இல்லை, குங்குமத்துக்கு இல்லை, சிரித்ததற்கு நிச்சயமாக இல்லை.

ஊர் திரும்பியதும் உன் சித்தப்பா வந்தார். போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். "மதினி, சாமி கும்புடப் போனா கும்புட்டு வரணும். வயசான காலத்துல இந்த அசிங்கமெல்லாம் தேவையா?" என்றார். "என்னய்யா அசிங்கம்? சேலை அவுந்துச்சா, இல்ல யாரு வீட்டுக் கூரையாச்சும் பிச்சுக்கிட்டு விழுந்தேனா?" என்றேன். "குங்குமம் வச்சிருக்கீகளே" என்றார். "நான் வைக்கல, சாமி கல்லுல இருந்து எடுத்து ஒரு பிள்ள வச்சுச்சு. நான் வேண்டாம்னு சொல்லல" என்றேன். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சந்தோஷம். அதன் பிறகுதான் அவர் உனக்குப் போன் செய்திருக்கிறார், நீ எனக்குச் செய்தாய்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். உன் அய்யா போன அடுத்த வருஷம் நான் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மிளகாய் மூட்டையைக் கமுதிச் சந்தைக்குக் கொண்டுபோக யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்று. அப்போதும் இதே பேச்சு, இதே சித்தப்பா. முதல் நாள் ஊர் மந்தையைத் தாண்டும்போது நீ மூட்டைக்கு மேலே உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏய், எங்கம்மா ஓட்டுறாகடா" என்று வழியில் பார்த்த பயல்களிடமெல்லாம் கத்திக்கொண்டே வந்தாய். வாயை மூடிக்கொண்டு வாடா என்று அதட்டினேன். உள்ளுக்குள் எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? அந்தக் கத்தலை நம்பித்தான் நான் அத்தனை வருஷமும் வண்டி ஓட்டினேன். இப்போது அதே பிள்ளை, பெரிய படிப்புப் படித்து, பெரிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, என்னை உள்ளே இருக்கச் சொல்கிறான். மொபெட்டுக்கு இல்லாத வெட்கம் மலைக்கு எங்கிருந்து வந்தது?

உன் அக்கா கல்யாணத்தை நினைத்துப் பார். முகூர்த்தத்துக்கு முன்னால் தாலியைத் தட்டில் வைத்து, தேங்காய் பூ அரிசியோடு, சபையில் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனார்கள். தொட்டுக் கும்பிட்டு ஆசி சொல்லி அனுப்பினார்கள். கண்ணால் பார்த்தறியாத ஆளெல்லாம் தொட்டான். என்னை அன்றைக்கு யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. நானே போனேன். தட்டு என் அருகே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் தாண்டிப் போவதைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. சாமான் அறையில் வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கெட்டிமேளச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். மறுவீட்டுக்கு வந்தபோது உன் அக்கா கேட்டாள். "தாலி ஏறுனதும் தலையத் தூக்கிப் பாத்தேன், ஒன்னயக் காணோமேம்மா." பந்தி வேலை இருந்தது என்று சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அவள் அதை நம்பவில்லை.

ஏரிக்கு மேலே அந்தப் பருந்தோடு சுற்றிக்கொண்டிருந்தபோது அந்த வாழையிலை வாசம்தான் மூக்கில் வந்தது. எங்கே போய் எதை நினைக்கிறேன் பார். வெட்டவெளியில், கையில் பிடிக்கக் கட்டையில்லாமல், காலுக்குக் கீழே அத்தனை ஆழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என்னால், ஒரு தட்டு தாண்டிப் போவதைப் பார்க்க முடியாதா? அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு நான் உள்ளே போக மாட்டேன். இது மலையில் ஏறின கிறுக்கு இல்லை. இறங்கி, முக்திநாத் போய், நூற்றெட்டுத் தண்ணியிலும் பல் கிட்டிக்கக் குளித்து, ஊருக்கு வந்து, மிளகாய்க்குக் களை எடுத்து, அத்தனைக்குப் பிறகும் அப்படியே இருக்கிற முடிவு.

உன் பெண்டாட்டியாக வரப்போகிறவளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளைக்கு அவள் எங்கேயாவது ஓட வேண்டும் என்றால், அந்த நேபாளத்துப் பையன் செய்ததைச் செய். பட்டை இறுகியிருக்கிறதா என்று பார், கூட ஓடு. அவள் பயந்து நின்றால் கேலி பண்ணாதே. ஓடிவிட்டாள் என்றால் பின்னால் நின்று இழுக்காதே. ஊர் என்ன சொல்லும் என்று அவளிடம் போய் நிற்காதே. ஊர் சொல்லத்தான் செய்யும், அதற்கு வேறு வேலை இல்லை. அவளுக்கு அந்தப் போட்டோவை நானே காட்டப்போகிறேன். கிழிக்கவில்லை. கமுதியில் கண்ணாடி போட்டு வாங்கி, உன் அய்யா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. அவர் இருந்திருந்தால் முதலில் வைதிருப்பார், அப்புறம் "எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டிருப்பார். நீ இன்னும் அதைக் கேட்கவில்லை.

தை மாதம் கமுதி மண்டபத்தில் உன் கல்யாணம். சித்தப்பாவும் சித்தியும் தாராளமாக முன்னால் நிற்கட்டும், எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். தாலித் தட்டு சபைக்குக் கிளம்பும்போது மணவறையிலிருந்து நீ ஒரு வார்த்தை சொல், "மொதல்ல எங்கம்மாட்ட குடுங்க" என்று. மந்தையில் அன்றைக்குக் கத்தினாயே, அந்தத் தொண்டை உனக்கு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். உன்னால் சொல்ல முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. தட்டு என்னைத் தாண்டினால் நானே முன்னால் வந்து தொட்டுக் கும்பிடுவேன். யாரும் தள்ள வேண்டாம், யாரும் தூக்க வேண்டாம், எனக்கு ஓடத் தெரியும். மண்டப வாசலில் அந்தச் செருப்பு ஜோடியாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு யாராவது "ஒங்கம்மா எங்கன?" என்று கேட்டால் பதறாதே. "எங்கம்மா உள்ளே, முன்வரிசையில் இருக்கிறார்கள்" என்று சொல்.

உன் அம்மா